நாயகர் அல்லாத நாயகர்

திரைப்படம் என்றவுடன் நம் நினைவில் முதலில் எழுபவர் நாயகரே. சுவரொட்டியில் பெரிதாக நிற்பது அவர் முகம். மக்கள் நாவில் உலவுவது அவர் பெயர். அதே படத்தில் தந்தையாகவும் தமையனாகவும் கணக்கராகவும் அண்டை வீட்டாராகவும் வந்துபோன நடிகர் யார் என்று வினவினால், பலரும் விழிப்பர். முகம் தெரியும், பெயர் தெரியாது. இத்தகையோரைக் 'குணச்சித்திர நடிகர்' என்று நாம் அழைக்கிறோம். குணத்தைச் சித்திரமாகத் தீட்டிக் காட்டுபவர் என்பது அச்சொல்லின் பொருள். பொருளால் உயர்ந்த அச்சொல் வழக்கில் 'இரண்டாம் நிலை நடிகர்' என்னும் அளவுக்குச் சுருங்கிவிட்டது வருந்தத்தக்கது.

சென்ற ஆண்டு முதுகலை மாணவர் சிலருடன் அமர்ந்து ஒரு ஸ்லோவாக்கியத் திரைப்படத்தைக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. படம் முடிந்ததும் ஒரு மாணவர், "ஐயா, இதில் கதாநாயகன் யார்? கடைசிவரை காத்திருந்தேன், அவன் வரவே இல்லையே!" என்று கேட்டார். அனைவரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. அப்படத்தின் நடுவில் நின்ற யோசெஃப் குரோனர் என்னும் நடிகரின் வாழ்வைச் சற்று ஆழ்ந்து நோக்கியபோதுதான், மாணவரின் வினா நகைப்புக்குரியதன்று, சிந்தனைக்குரியது என்பது புலனாயிற்று. அவ்வினாவுக்கு யான் கண்ட விடையே இக்கட்டுரை.

வாழ்வும் மேடையும்

ஸ்லோவாக்கியாவின் வடமேற்கில் மலைகள் சூழ்ந்த கிசுத்சே என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள ஸ்தாஷ்கோவ் என்னும் சிற்றூரில் 1924ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள் குரோனர் பிறந்தார். எளிய குடும்பம். நடிப்புக் கல்லூரி எதிலும் அவர் பயின்றவர் அல்லர். ஊரார் தம் ஆர்வத்தால் நடத்தும் நாடகங்களில் வேடமிட்டு, அங்கிருந்தே தொழில்முறை மேடைக்கு வந்தவர். 1948இல் மார்ட்டின் என்னும் நகரின் நாடக அரங்கில் சேர்ந்தார். 1956 முதல் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் ஸ்லோவாக்கிய தேசிய நாடக அரங்கின் நடிகரானார். அவர் துணைவியார் தெரேசியாவும் நாடக நடிகையே. மகள் சுசானாவும் மேடையிலும் திரையிலும் புகழ்பெற்றவர். 1998ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள், 74 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்தபோது, குரோனர் மறைந்தார்.

இவ்வரலாற்றில் ஒன்றை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். உலகம் குரோனரை அறிந்தது 1965இல். மேடை ஏறியதோ 1948இல். இடைப்பட்ட 17 ஆண்டுகளும் அவர் உழவராகவும் தொழிலாளியாகவும் ஊர்ப்புறத்து எளியவராகவும் வேடமிட்டு, அம்மக்களின் நடையையும் தோள் தொங்கலையும் கண் தாழ்த்தும் வழக்கத்தையும் தம் உடலில் ஏற்றிக்கொண்டிருந்தார். பயிற்சிக் கூடம் தராத கல்வியை அவருக்குப் பிறந்த மண் தந்தது. அக்கல்விக்கு ஒரு நாள் பயன் வந்தது.

கதையும் காலமும்

யான் காதார், எல்மார் க்ளோஸ் என்னும் இருவர் இணைந்து இயக்கிய 'பெருந்தெருவில் ஒரு கடை' என்னும் படம் 1965இல் வெளிவந்தது. லதிஸ்லாவ் கிரோஸ்மன் என்னும் எழுத்தாளரின் கதையைத் தழுவியது. இக்கதையைச் சொன்னவர்கள் அதனைத் தொலைவிலிருந்து கண்டவர்கள் அல்லர். கிரோஸ்மன் அக்காலக் கொடுமைக்குத் தப்பிய யூதர். காதாரின் பெற்றோரும் உடன்பிறந்தாளும் அவுஷ்விட்சு முகாமில் மாண்டவர்கள்.

படத்தின் காலம் 1942. அப்போது ஸ்லோவாக்கியா செருமனியின் நிழலில் தனி நாடாக இயங்கிவந்தது. அதன் தலைவர் யோசெஃப் திசோ. யூதர்களின் கடைகளையும் தொழில்களையும் பறித்துப் பிறரிடம் ஒப்படைக்கும் சட்டம் 1940இல் வந்தது. அவர்தம் உரிமைகளை முற்றிலும் பறித்த சட்டத் தொகுப்பு 1941 செப்டம்பரில் வந்தது. 1942 மார்ச்சு முதல் அக்டோபர் வரை ஏறத்தாழ 58,000 யூதர்கள் தொடர்வண்டிகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மீண்டவர் சில நூறு பேரே. அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் 500 மார்க்கு வீதம் ஸ்லோவாக்கிய அரசே செருமனிக்குப் பணம் செலுத்தியது. தம் குடிமக்களைப் பணம் கொடுத்து வெளியேற்றிய அரசு அது.

இப்பின்னணியில் தோனோ பிர்த்கோ என்னும் தச்சனின் கதை தொடங்குகிறது. சிற்றூர்த் தச்சன், வேலை குறைவு, மனைவியின் ஏச்சோ மிகுதி. அவன் சகலை கோல்கோட்ஸ்கி ஆளும் கட்சியின் காவற்படையில் பதவி பெற்றுச் செழிக்கிறான். சகலையிடம் கைநீட்டப் பிர்த்கோவுக்கு மனமில்லை. ஆனால் ஓர் இரவு அந்தச் சகலை உணவும் மதுவுமாக வந்து ஓர் ஆணைத் தாளை நீட்டுகிறான். பெருந்தெருவில் ரொசாலியா லௌட்மன் என்னும் யூத மூதாட்டி நடத்தும் பொத்தான் கடைக்கு இனிப் பிர்த்கோவே பொறுப்பாளன் என்கிறது அத்தாள்.

மூதாட்டிக்கோ காது கேளாது. உலகில் நடப்பதும் தெரியாது. தமக்கு உதவியாளாக வந்தவன் என்று பிர்த்கோவை எண்ணிக்கொள்கிறார். கடையிலோ வெற்றுப் பெட்டிகளும் சில பொத்தான்களுமே உள்ளன. உண்மையை வெளிப்படுத்தாமல் உதவியாளாகவே இருந்துவிட்டால் தாங்கள் அவனுக்கு ஊதியம் தருவதாக ஊர் யூதர்கள் ஏற்பாடு செய்கின்றனர். அவனும் இசைகிறான். மூதாட்டியின் பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுகிறான். அவர் தம் மறைந்த கணவரின் உடையை அவனுக்கு அணிவிக்கிறார். தாயும் மகனும் போன்றதோர் அன்பு அங்கே முளைக்கிறது. பிறகு ஒரு நாள் ஊர் யூதர்கள் அனைவரையும் சதுக்கத்துக்கு வரச்சொல்லி ஆணை பிறக்கிறது. ஒவ்வொரு பெயராக ஒலிபெருக்கியில் அழைக்கப்படுகிறது. கடையின் கண்ணாடிக்கு இப்பால் பிர்த்கோவும் மூதாட்டியும் இருக்கின்றனர்.

மெய்ப்பாட்டியல் நோக்கில்

நடிப்பை அளப்பதற்கு நம்மிடம் ஓர் அரிய அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளையும், அவை ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு நான்காகவும் வகுத்துரைத்தார். கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கின் வழிப் பிறப்பது பெருமிதம். நாயகருக்கு உரிய மெய்ப்பாடு இதுவே என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பிர்த்கோவை இந்நான்கிலும் வைத்துப் பாருங்கள். அவனிடம் கல்வி இல்லை, வீரம் இல்லை, புகழ் இல்லை, கொடுக்கப் பொருளும் இல்லை. பெருமிதத்தின் வாயில் நான்கும் அவனுக்கு அடைபட்டுள்ளன. எனவேதான் என் மாணவரின் கண்ணுக்கு நாயகன் தென்படவில்லை.

எஞ்சிய மெய்ப்பாடுகளில்தான் குரோனரின் ஆட்சி. பேதைமையாலும் மடனாலும் பிறக்கும் நகையைப் படத்தின் முற்பகுதி முழுதும் அவர் பெருக்குகிறார். தனக்குப் பொருந்தாத கோட்டும் தொப்பியும் அணிந்து அவர் தெருவில் நடக்கும்போது நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கால் பிறக்கும் இளிவரல், மூதாட்டி இருக்கும் காட்சிகளில் மெல்லப் படர்கிறது. இறுதியில் வருவது அச்சம். தெய்வமும் விலங்கும் கள்வரும் தம் அரசும் அச்சத்துக்குக் காரணம் என்கிறது தொல்காப்பியம். அந்நான்காவது காரணம் எத்துணை ஆழமானது என்பதை இப்படத்தின் இறுதிப் பகுதியில் நான் உணர்ந்தேன்.

சதுக்கத்தில் பெயர்கள் அழைக்கப்பட, கடைக்குள் பிர்த்கோ குடித்தபடி அலைகிறான். மூதாட்டியைக் காக்க வேண்டும் என்கிறது ஒரு மனம். காத்தால் நாமும் ஒழிந்தோம் என்கிறது மறுமனம். அவரை வெளியே போகச்சொல்லிக் கெஞ்சுகிறான். அடுத்த நொடி ஒளிந்துகொள்ளச் சொல்லிக் கதறுகிறான். சினமும் கனிவும் கோழைத்தனமும் நாணமும் அம்முகத்தில் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஒன்று முடிந்த பின் மற்றொன்று வருவதில்லை. அனைத்தும் ஒருங்கே இருக்கின்றன. வெளியே காவலர் நெருங்குவதாக அஞ்சி அவன் மூதாட்டியை உள்ளே தள்ளிக் கதவை அடைக்கிறான். திறக்கும்போது அவர் இறந்து கிடக்கிறார். காக்க முயன்ற கையே கொன்ற கையாயிற்று. அதன்பின் அவன் தன் உயிரையும் மாய்த்துக்கொள்கிறான். படத்தின் கடைசியில், இருவரும் நல்லுடை உடுத்து ஒளி பொங்கும் தெருவில் கைகோத்துச் செல்லும் கனவொன்று வருகிறது. நடந்திருக்க வேண்டியது அது, நடக்காமற்போனதும் அதுவே.

இவ்விடத்தில் ஒரு பெரும் நாயக நடிகர் நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அவர் எப்படியும் காப்பாற்றுவார் என்று நாம் கவலையின்றி அமர்ந்திருப்போம். காப்பாற்றாவிடினும் தியாகியாக மடிவார் என்று எதிர்பார்ப்போம். நாயகரின் முகமே முடிவை முன்கூட்டி உரைத்துவிடும். குரோனரின் முகம் எதனையும் உரைப்பதில்லை. அது நம் தெருவில் நாம் நாள்தோறும் காணும் முகம்; சற்றே துணிந்து சொல்வதானால், கண்ணாடியில் நாம் காணும் முகம். 'அவர் என்ன செய்வார்' என்று வினவாமல் 'நான் என்ன செய்திருப்பேன்' என்று வினவ வைக்கும் முகம். குணச்சித்திர நடிப்பின் அறம் இதுவே என்பது என் துணிபு. நாயகர் நம்மை வியக்கச் செய்கிறார். குணச்சித்திர நடிகர் நம்மைக் கூண்டில் நிறுத்துகிறார்.

இரண்டு மறுப்புகள்

இக்கருத்தை மறுப்போர் இரண்டு வினாக்களை எழுப்பக்கூடும். படம் முழுதும் வருபவன் பிர்த்கோ. அவ்வாறிருக்க அது முதன்மைப் பாத்திரம் அன்றோ, குரோனரைக் குணச்சித்திர நடிகர் என்பது எப்படிப் பொருந்தும் என்பது முதல் வினா. திரையில் தோன்றும் நேரத்தைக் கொண்டு பாத்திரத்தின் இயல்பை அளத்தல் பொருந்தாது. நாயகத்தன்மை என்பது நேரம் அன்று. கதை ஒருவனை எவ்வாறு நோக்குகிறது என்பதே அது. பிர்த்கோவைக் கதை ஓரிடத்தும் உயர்த்தி நோக்கவில்லை. நடுவில் நிறுத்தியும் அவனை ஓரத்து மனிதனாகவே வைத்திருக்கிறது. ஓரத்து மனிதர்களை 17 ஆண்டுகள் நடித்துப் பழகியவரால்தான் அந்நடுவிடத்தில் நிமிராமல் நிற்க இயன்றது.

இரண்டாம் வினா வலிமையானது. பிறர் உடைமையைப் பறிக்கும் ஆணைத் தாளை வாங்கிக்கொண்டவன் பிர்த்கோ. அவன்மீது நம்மை இரக்கங்கொள்ளச் செய்வது குற்றத்தை மென்மையாக்குவது ஆகாதா என்பர் சிலர். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. சகலை கோல்கோட்ஸ்கியாக ஃபிரான்டிஷெக் ஸ்வாரிக் சிறப்புற நடித்துள்ளார்; அவனைக் கண்டால் நமக்கு வெறுப்பு வருகிறது. வெறுப்பு நமக்கு வசதியானது. 'நான் இவன் அல்லன்' என்று சொல்லி எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். பிர்த்கோவிடம் அவ்வசதி இல்லை. அவன் நல்லவன், இரக்கமுள்ளவன், நாயிடமும் அன்பு காட்டுபவன். ஆயினும் தாளை வாங்கிக்கொண்டான். 58,000 பேரை அனுப்பிவைக்கக் கோல்கோட்ஸ்கிகள் சில நூறு பேர் போதும். ஆனால் தாளை வாங்கிக்கொள்ளும் பிர்த்கோக்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். குரோனர் அவன்மேல் இரக்கத்தைத் தூண்டுவது அவனை விடுவிப்பதற்கு அன்று. நல்லியல்பு மட்டும் போதாது, உரிய நேரத்துத் துணிவும் வேண்டும் என்பதை நம் நெஞ்சில் பதிப்பதற்கே. இரக்கம் இன்றி அப்பாடம் ஏறாது.

விருதுகளும் பிற்காலமும்

1965ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவில் குரோனருக்கும், மூதாட்டியாக நடித்த இதா காமின்ஸ்காவுக்கும் நடிப்புக்கான சிறப்புக் குறிப்பு கிடைத்தது. காமின்ஸ்கா போலந்து நாட்டு இத்திய மொழி நாடக மேடையின் பேரரசி எனத்தக்கவர். 1966இல் நிகழ்ந்த ஆஸ்கார் விழாவில் சிறந்த அயல்மொழிப் படமாக இப்படம் தேர்ந்தெடுக்கப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியா பெற்ற முதல் ஆஸ்கார் அது. அடுத்த ஆண்டு சிறந்த நடிகைக்கான பட்டியலில் காமின்ஸ்காவின் பெயரும் இடம்பெற்றது. குரோனரின் பெயர் பட்டியலில் இல்லை. அம்மூதாட்டியின் நடிப்புப் போற்றத்தக்கதே, ஐயமில்லை. ஆயினும் அவரைத் தாங்கி நின்ற சுவரை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. குணச்சித்திர நடிகர் தம் கடமையை முழுதும் ஆற்றியதன் அடையாளம் இதுதானோ என்றுகூடத் தோன்றுகிறது. நன்கு கட்டிய சுவரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

1968 ஆகஸ்டில் சோவியத்துப் படைகள் நாட்டுக்குள் புகுந்தபின் காதார் அமெரிக்கா சென்றார். குரோனர் தாய்நாட்டிலேயே தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார். ஆஸ்கார் பெற்ற படத்தின் நடுவில் நின்றவர் அதன்பின்னும் பழையபடியே எளிய மாந்தரின் வேடங்களை ஏற்றார். 1970களின் நடுவில் மார்ட்டின் தியாபாக் இயக்கிய 'பாகோ' என்னும் நகைச்சுவைப் படத்தில், ஸ்லோவாக்கியர் போற்றும் யானோஷிக் என்னும் வீரக் கொள்ளையனின் பழங்கதையை எள்ளி நகையாடும் பாத்திரத்தை ஏற்றார். அந்நாட்டு மக்கள் இன்றும் விரும்பிப் பார்க்கும் படம் அது. வீர நாயகர் என்னும் கருத்தையே சிரிப்பால் தளர்த்திய வேடம் இவருக்கு வாய்த்தது பொருத்தமே.

1982இல் ஹங்கேரி இயக்குநர் காரோய் மாக்கின் படமொன்றில் செய்தித்தாள் ஆசிரியராகத் தோன்றினார். 1956ஆம் ஆண்டு எழுச்சி அடக்கப்பட்டபின், உண்மையை எழுத விரும்பும் செய்தியாளர்க்கும் அதனை விரும்பாத ஆட்சிக்கும் இடையே நிற்கும் ஆசிரியர் அவர். இங்கும் அதே வினா: நல்லவர் ஒருவர் எந்த அளவுவரை வளையலாம்? 1983இல் யுராய் யாகுபிஸ்கோவின் 'ஆயிரமாண்டுத் தேனீ' வெளிவந்தது. பெதர் யாரோஷின் புதினத்தைத் தழுவிய அப்படத்தில் மார்ட்டின் பிகந்தா என்னும் குடும்பத் தலைவராக, கட்டட வேலை செய்து வாழும் முதியவராக அவர் நடித்தார். தச்சன், ஆசிரியர், கொத்தர் என உழைப்பவரின் வரிசையாகவே அவருடைய பாத்திரங்கள் அமைந்தன. அரசனாக அவரை எண்ணிப் பார்ப்பது அரிது.

பிறந்த ஊரான ஸ்தாஷ்கோவில் அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாகப் பேணப்படுகிறது. பெருந்தெருவில் சிலை வைத்துப் போற்றுவதினும், எளிய வீடொன்றைக் காத்துப் போற்றுவதே இத்தகைய கலைஞருக்கு ஏற்றது எனலாம்.

நிறைவாக

மாணவரின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அப்படத்தில் நாயகன் வரவில்லை என்பது உண்மையே. 1942இல் அவ்வூர்ச் சதுக்கத்திலும் நாயகன் எவனும் வரவில்லை. பெயர்கள் அழைக்கப்பட்டன, மக்கள் சன்னல்களுக்குப் பின்னால் நின்றனர், வண்டி புறப்பட்டது. வரலாறு நாயகர்களுக்காகக் காத்திருப்பதில்லை. பல நேரங்களில் அது குணச்சித்திர நடிகர்களிடமே, அதாவது நம்மிடமே, தன் முதன்மைக் காட்சியை ஒப்படைத்துவிட்டுச் செல்கிறது.

ஆகவே மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஒரு திரைப்படம் காணும்போது நாயகரை மட்டும் நோக்காமல், ஓரத்தில் நிற்பவரையும் நோக்குங்கள். அவர் பெயரைக் கேட்டறியுங்கள். அவர் கை என்ன செய்கிறது, கண் எங்கே தாழ்கிறது என்று கவனியுங்கள். அங்கேதான் நம் வாழ்வு நடந்துகொண்டிருக்கிறது. நம் ஊரில், நம் தெருவில், ஒரு தாள் நம் கைக்கு நீட்டப்படும் நாள் வருமாயின், அதனை வாங்குவதா மறுப்பதா என்று முடிவு செய்யவேண்டியவரும் அந்த ஓரத்து மனிதரே. அந்நாளில் நமக்கு வேண்டிய துணிவை யோசெஃப் குரோனர் தம் நடிப்பால் தந்துவிட மாட்டார். அத்துணிவு இல்லாவிடின் என்ன நேரும் என்பதை மட்டும், மறக்க இயலாதபடி காட்டிச் சென்றிருக்கிறார்.